கடைசி பெஞ்சிலிருந்து தெரிவது

போன மாதம் மதுரையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். கடை என்று சொன்னால் அவர்கள் வருத்தப்படுவார்கள், குளிரூட்டிய மண்டபம். ஒரு யந்திரத்துக்குள் முகவாயை வைக்கச் சொன்னார்கள். உள்ளே நீண்ட சாலை ஒன்று, அதன் முடிவில் ஒரு பலூன். பலூன் மங்கியது, தெளிந்தது, மறுபடியும் மங்கியது. அவ்வளவுதான். யந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. என் பார்வை எப்படி இருக்கிறது என்பது என்னைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே இடமும் போயிற்று என்று நினைத்தபடி வெளியே வந்தேன். வெயிலில் நின்றபோது அவர் ஞாபகம் வந்தது.

காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் அவருடைய கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரி, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை. பொன் வேலை செய்த குடும்பம். அவருடைய அப்பா காலத்திலேயே மூக்குத்தியிலிருந்து மூக்குக்கண்ணாடிக்கு வந்துவிட்டார்கள். மூக்கை மட்டும் விடவில்லை. தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் சார். ஆபீசுக்குப் போகிறவனை அங்கே சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபீசில் என்ன செய்கிறான் என்று யாரும் உள்ளே வந்து பார்ப்பதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நம் மூக்கில் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டுவார். அதில் ஒரு வில்லையைப் போடுவார், எடுப்பார், இன்னொன்றைப் போடுவார்.

"இது தேவலையா சார்... இல்ல, இது தேவலையா?"

நான் எதையும் சட்டென்று சொல்லிவிடுகிறவன் அல்ல. மறுபடியும் முதல் வில்லை, மறுபடியும் இரண்டாவது. அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. வெளியே பஸ் போகும், திரை லேசாக அசையும், எழுத்துக்கள் நீந்தி நீந்திக் கரைக்கு வரும். கடைசியில் குற்றவாளி போல, "ரெண்டும் ஒண்ணுபோலத்தாண்ணே இருக்கு" என்பேன். அவர் முகம் மலர்ந்துவிடும்.

"அதான் சார் வேணும். வித்தியாசம் தெரியாமப் போற எடந்தான் ஒங்க பவரு."

வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதற்காக என்னை ஒருவர் பாராட்டியது அங்கே மட்டும்தான். ஆபீசில் அதற்கு மெமோ கொடுத்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், அவர் திரைக்கு வெளியே வந்தபிறகும் அந்தச் சட்டத்தைக் கழற்றவில்லை. கண்ணில் படுகிற எதற்கும் பக்கத்தில் இன்னொன்று வேண்டும் அவருக்கு. தெருமுனையில் இரண்டு டீக்கடை. இங்கே பாதி, அங்கே பாதி என்று குடிப்பார். "இங்குட்டு டிகாக்‌ஷன் தேவலை, அங்குட்டு பாலு தேவலை" என்பார். 'நல்லா இருக்கு' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எதுவும் தனியாக நல்லதாகவோ கெட்டதாகவோ இருக்கமுடியும் என்பதை அவர் நம்பவில்லை. அவருடைய மனைவி நேமத்தான்பட்டிப் பெண். வெடுக்கென்று பேசுவார், ஆனால் பேசியதை உடனே செய்தும்விடுவார். ஒருநாள் என் மனைவியிடம் சொன்னாராம்: "என்னையப் பாக்க ரெண்டு தடவ வந்தாக. நடுவுல அரியக்குடியில ஒண்ணப் பாத்துட்டு வந்தாக. கல்யாணத்தன்னிக்குக்கூட பந்தல்ல அங்குட்டும் இங்குட்டும் திரும்பித்தான் பாத்துக்கிட்டு இருந்தாக."

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. அவளும் அந்தக் கடையிலேயே வளர்ந்தாள். வில்லை இல்லாத சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஆடி அசையும் திரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள். யாராவது சோதனைக்கு வந்தால் அட்டையைப் பார்க்காமலே அவர்களுக்கு முன்னால் எழுத்துக்களை முணுமுணுத்துவிடுவாள். தூரப்பார்வை சுத்தமாக இல்லாத பெரியவர் ஒருவர் இவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று கண்ணாடி வாங்காமலே போய்விட்டார்.

அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஒருவகையில் இங்கேயே நின்றும்விட்டது.

எங்கள் பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரே வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத் தேர்வு மத்தியானச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் இடையில் நடந்து முடிந்தது. என் மனைவி தன் சிநேகிதியோடு போய் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்து, எனக்குத் தகவலாகச் சொன்னாள். கல்வி என்பதைப் பற்றி நான் நிறையப் படித்து வைத்திருந்தேன். அது வீணாகக்கூடாது என்றோ என்னவோ, கண்ணாடிக்காரர் தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பியபோது நானும் கூடக் கிளம்பினேன். நாலு மணிக்குமேல் ஆபீசில் என்னை யாரும் தேடமாட்டார்கள். நாலு மணிக்கு முன்னாலும் தேடியதாக ஞாபகம் இல்லை.

மற்றவர்கள் காலையில் போவார்கள், தலைமையாசிரியரைப் பார்ப்பார்கள், பாஸ் சதவீதம் கேட்பார்கள். இவர் பள்ளிக்கூடம் விட்டபிறகுதான் போவார். "பிள்ளைக இருக்கறப்ப எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே இரைச்சல்தான் சார். ஒண்ணும் பாக்கமுடியாது" என்பார். பிள்ளைகள் கலைந்துபோன மைதானத்தில் புழுதி மட்டும் இன்னும் இறங்காமல் வெயிலில் மஞ்சளாக நிற்கும். வாட்ச்மேன் தூங்குவார். எங்கோ ஒரு குழாய் சொட்டும். காலி வகுப்பறைகளின் வாசனை ஒன்று உண்டே, சாக்பீஸும் எலுமிச்சைச் சாதமும் கலந்தது, அது வராந்தா முழுக்க நடமாடும். அவர் ஏதாவது ஒரு வகுப்புக்குள் நுழைந்து, கடைசி பெஞ்சில், ஜன்னலோரமாக, முழங்காலை மடக்கி உட்காருவார். நான் பக்கத்தில் உட்காருவேன். இரண்டு வளர்ந்த ஆண்கள், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான பெஞ்சில். யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் நான் கைகட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

முதலில் கரும்பலகை. அதில் வெளிச்சம் பட்டுக் கூசுகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அது தொழில். பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்புவார். 

"பாடம் எங்க போனாலும் அதே பாடந்தான் சார்" என்றார் ஒருநாள். "பிள்ளை அத எம்புட்டு நேரம் கவனிக்கும்? ஒரு மணி நேரத்துல பத்து நிமிஷம். மிச்ச நேரம் எதப் பாக்கும்? அதத்தான் நம்ம பாத்துச் சேக்கணும்."

"கவனிக்காம இருக்கறதுக்குப் பள்ளிக்கூடமாண்ணே?"

"நீங்க எதக் கவனிச்சீக?"

யோசித்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் நான் ஒரு வருஷம் முழுக்க, ஓட்டுக்கூரையில் ஒரு அணில் போகிற வழியைப் பார்த்திருக்கிறேன். அந்த வழி இன்னும் எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் வேறு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது.

"கிட்டப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு அலுத்துப்போகும் சார். தூரத்துல ஒண்ணு வேணும், போயி உக்காந்துட்டு வர" என்றார். கண் என்பது ஏதோ பறவை என்பதுபோல.

இப்படித்தான் எங்கள் ஊர்வலம் தொடங்கியது. இரண்டு இரண்டாகத்தான் பார்ப்பார். மூன்று பார்த்தால் குழம்பிவிடுமாம். இரண்டில் தேறியதை அடுத்ததோடு வைப்பார். வில்லையில் ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும், சோதனை முடிந்துவிடும். பள்ளிக்கூடங்கள் அப்படி ஆகவில்லை. எல்.கே.ஜி. வயது போயிற்று. யு.கே.ஜி. வயதும் போயிற்று. தெருவிலுள்ள மற்ற குழந்தைகள் காலையில் வேனில் அடைபட்டுப் போகும்போது, இவள் கடையில் உட்கார்ந்து கையசைப்பாள்.

சிஸ்டர்கள் பள்ளியில் பெரிய மரங்கள். நாங்கள் போனபோது நிழல் வராந்தாவரைக்கும் வந்து படுத்திருந்தது. அவருக்கு நடை தளர்ந்து, ஏறக்குறைய புன்னகையே வந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தால், ஜன்னல் கண்ணாடிகளில் கீழ்ப்பாதிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேல்பாதியில் வானம் தெரிந்தது. மரம் இருக்கிறது, ஆனால் இல்லை. அவர் பெயிண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, பொறுப்பிலிருந்த சிஸ்டர் வந்து நின்றார். என் பெண் அங்கே படிப்பதால் என்னை முறைத்துவிட்டு, அவரிடம் கேட்டார்:

"பிள்ளையச் சேக்க வந்தீங்களா, கட்டடத்த வெலைக்குக் கேட்டு வந்தீங்களா?"

"இந்தப் பெயிண்ட எடுத்துட்டா சேத்துரலாம் சிஸ்டர்."

"வேடிக்கை பாக்கும்னுதான அடிச்சு வச்சிருக்கோம்?"

"அதுக்குத்தான் சிஸ்டர், எடுக்கணும்ங்கறேன்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஒங்க பொண்ணும் இப்படித்தான் சார், வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. யார மாதிரின்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டிலும் அதே வாக்கியத்தைக் கேட்டேன்.

அடுத்தது ஒரு பழைய செட்டியார் வீட்டில் நடந்த நர்சரிப் பள்ளி. அந்த வீடுகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக இருக்கும் வீடுகள். பல பங்காளிகளுக்குப் பாத்தியம், ஒருவரும் குடியிருப்பதில்லை. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள். அது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கும் பள்ளி உண்டு என்று கேள்விப்பட்டுப் போனோம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பட்டுப்புடவைகள். பன்னீர். "வாங்க, வாங்க" என்று இரண்டு பேர் எங்களை உள்ளே நகர்த்திக்கொண்டு போனார்கள். பெற்றோர் கூட்டம் என்று நினைத்துக்கொண்டார் அவர். நான் எதுவும் நினைக்கவில்லை. வாங்க என்றால் போவது என் சுபாவம்.

தூண் தூணாகப் போய்க்கொண்டே இருந்த பத்தித் தாழ்வாரத்தில் இலை போட்டு உட்காரவைத்தார்கள். மேலே ரங்கூன் தேக்கு. நடு முற்றத்தில் வெயில் ஒரு சதுரமாக விழுந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு புறா. பால் பணியாரம் வந்தது, கந்தரப்பம் வந்தது. அவர் சாப்பிடவில்லை. முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் அது வகுப்புக்கு நடுவில் பெய்யும் என்று கண்டுபிடித்துவிட்ட முகம். பரிமாறிக்கொண்டு வந்த ஆச்சி ஒருவர் நின்று விசாரித்தார்.

"என்ன, சாப்பிடாம இருக்கீக? நீங்க எந்த வீடு?"

"முனைக் கண்ணாடிக்கடை ஆச்சி. பிள்ளையச் சேக்கலாம்னு வந்தோம். இங்க இந்த மாதிரி அடிக்கடி உண்டா?"

"அடிக்கடியா? எங்க அண்ணனுக்கு இன்னிக்கித்தான அறுபது முடிஞ்சிருக்கு!"

கைகழுவும் இடத்தில்தான் பார்த்தோம்: கரும்பலகைகளையும் குட்டி நாற்காலிகளையும் அடுக்கி, மேலே ஜமுக்காளம் போட்டு மூடியிருந்தார்கள். சுவரில் ஒரு ஆப்பிள் படம் மட்டும் தப்பித்திருந்தது. பங்காளிகள் வீட்டில் விசேஷம் என்றால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. எத்தனை நாள் என்பது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மொய் எழுதாமல் தாம்பூலப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். "முற்றம் தேவலை சார். ஆனா அவுகளுக்கு அறுபது பேரு இருப்பாக போலயே. ஆளுக்கு ஒரு அறுபது வந்தா பிள்ளை எப்பப் படிக்கும்?" என்றார். அப்படியே சிறிது தூரம் நடந்து, "ரசம் எப்படி?" என்று என்னைக் கேட்டார். ஒப்பிட எனக்கு வேறு ரசம் இல்லை. 

மூன்றாவது வருஷம், குழந்தைக்கு ஆறு வயது நெருங்கியபோது, அவருடைய மனைவி ஒருநாள் கடைக்கு வந்து, நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னார்:

"இந்த ஜூன்ல பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்காச்சும் போகணும். போகல, நா இவளக் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்குப் போயி எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல போட்டுருவேன். நீங்க இங்க உக்காந்து நிம்மதியாப் பாருங்க. சாருதான் தொணைக்கு இருக்காகளே."

சாருக்குத் தன் செருப்பைப் பார்க்கவேண்டிய அவசரம் வந்தது.

 அந்த வாரமே அவர், தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு, காலையில், குழந்தையையும் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த பப்ளிக் ஸ்கூலுக்குக் கிளம்பினார். நானும் போனேன். பெயர்தான் பப்ளிக்; கேட்டில் இரண்டு காவலாளிகள் பப்ளிக்கைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே மீன்தொட்டி, சோபா, பூவில்லாத பூச்சாடி. வகுப்பறையைக் காட்டினார்கள். ஏ.சி. ஓடியது. ஜன்னல்களில் கனத்த திரை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கூட்டிப்போன பெண்ணுக்கே தெரியவில்லை. அவர் அந்தத் திரையைத் தொடக்கூட இல்லை. மனைவி சொன்னது அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. இங்கேயே சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார் என்றுகூட எனக்குத் தோன்றியது.

சேர்ப்பதற்கு முன்னால் குழந்தையிடம் சும்மா பேசுவார்களாம். சும்மா பேச ஒரு மேடம் இருந்தார். "ஏ பி சி டி சொல்லு பாப்பா" என்றார்.

குழந்தை எழுந்து நின்றாள். வலது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். எதிர்ச்சுவரைப் பார்த்து, கணீரென்று, "ஈ!" என்றாள். அடுத்து இரண்டு எழுத்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. அடுத்து மூன்று, இன்னும் தாழ்த்தி. எழுத்துக்கள் சிறுக்கச் சிறுக்கக் குரலும் சிறுத்துக்கொண்டே போயிற்று. கடைசி வரி வரும்போது உதடு மட்டும் அசைந்தது. அட்டையில் அந்த வரியை யாராலும் படிக்கமுடியாது; ஆகவே இவளும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு கையை மாற்றி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் "ஈ!" என்று ஆரம்பித்தாள்.

நான் என் வாழ்நாளில் கேட்ட மிகச் சரியான பாராயணம் அதுதான். மேடத்துக்கு அப்படிப்படவில்லை.

"கண்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல மேடம். ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்கு" என்றார் அவர், பெருமையாக.

மேடம் புன்னகைத்தார். நல்ல பெண்மணி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "மத்த பிள்ளைங்களோட கம்பேர் பண்ணா கொஞ்சம் பின்தங்கியிருக்கா சார். ஒண்ணாவது கஷ்டம். எல்.கே.ஜி.ல வேணா உக்கார வெச்சுப் பார்க்கலாம்" என்றார்.

வெளியே வந்தோம். மைதானம் வெள்ளை வெயிலில் கிடந்தது. தூரத்தில் ஒரு மயில் காம்பவுண்டுச் சுவர்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பார்க்க நின்றுவிட்டாள். அவரும் நின்றார். வண்டிச் சாவியைப் பையில் தேடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"என் பிள்ளைய யாரோட வச்சுப் பாத்தாக சார்?"

குழந்தை ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்த மயிலை நான் அவளுக்குக் காட்டினேன். இந்தமாதிரி சமயங்களில் நான் படித்தது எதுவும் கூட வருவதில்லை.

மிச்சம் இருந்தது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த நகராட்சிப் பள்ளி. அங்கே போகவே வேண்டியிருக்கவில்லை, அதுவே வந்தது. மே மாதக் கடைசியில் தலைமையாசிரியை, இரண்டு டீச்சர்கள், ஒரு பேனர் என்று வீடு வீடாகப் பிள்ளை கேட்டு வருவார்கள். வருஷா வருஷம் அவர்கள் கண்ணாடிக்கடையில் நின்று மோர் குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

"இந்த வருசமாச்சும் பிள்ளையக் குடுங்கண்ணே. ஆதாரு, சர்ட்டிபிகேட்டெல்லாம் மெதுவாக் குடுங்க. பிள்ளைய மொதல்ல குடுங்க" என்றார் தலைமையாசிரியை.

"வந்து ஒருக்கா பாத்துரேன் டீச்சர்."

"நாலு ரூமுதான் இருக்கு. மூணு வருசமாப் பாக்குறீக!"

அன்று மாலையே போனோம். கதவு திறந்தே இருந்தது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த ஜன்னலில் எல்லாம் இருந்தது. டீக்கடை, பஸ் ஸ்டாப், பரோட்டாக் கல், சண்டை போடும் இரண்டு ஆட்டோக்காரர்கள், அவர்களை விலக்கிவிடும் மூன்றாவது ஆட்டோக்காரர், ஆட்டுக்குட்டி, ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் அஸ்தமிக்கிற சூரியன் வரைக்கும். இதைவிட ஒரு ஜன்னல் வேண்டுமா என்று இருந்தது எனக்கு.

வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்பத் தெரியுதே சார்" என்றார்.

"என்னண்ணே?"

"இம்புட்டு தெரிஞ்சா பிள்ளை கவனிக்க ஆரம்பிச்சுருமே. வேடிக்கங்கறது சும்மா கண்ணு போயி உக்கார்றதுக்கு. இது சினிமால்ல?"

வாசலில் நின்ற டீச்சரிடம், "அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். நான் அவரை உலுக்கியிருக்கலாம். சிரித்தேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த அடுத்த வாரத்தில் ஜூன் வந்துவிட்டது. பள்ளிகள் திறந்த அன்று காலை நான் ஆபீசுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, அவருடைய மனைவி ஒரு தோள்பையும் ஒரு இரும்புப் பெட்டியுமாக நின்றுகொண்டிருந்தார். குழந்தை வில்லையில்லாத சட்டத்தை மாட்டிக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவரும் கூட நின்றார், சட்டையைச் சரியாக மாட்டாமல்.

"நா ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகல சார்" என்றார் அந்தம்மா, நான் கேட்காமலே. "ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தா யாரு சேக்குறது? அவுக பாக்கட்டும். நா சேக்குறேன்."

நேமத்தான்பட்டி வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. கூட்டம். அவர் ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பின்னாடி ஒண்ணு வருதாம்டி. அது தேவலை, உக்காந்து போகலாம்" என்றார்.

அந்தம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார். பஸ் போனபிறகும் அவர் அங்கேயே நின்றார். பின்னாலேயே இன்னொரு பஸ் வந்தது. காலியாகத்தான் வந்தது. அதுவும் போயிற்று.

அதற்குப்பிறகு நாங்கள் பள்ளிக்கூடம் பார்க்கப் போகவில்லை. நாலு மணி ஆனால் எனக்குக் கால் அரிக்கும். காலி மைதானங்கள், சொட்டும் குழாய், யாருடைய பெயரோ கீறிய பெஞ்சு எல்லாம் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நான் இல்லாமலே இருந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் பெண்ணைச் சேர்க்கும்போது இதில் ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லையே என்று இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அவர் நேமத்தான்பட்டிக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்புவார். முதல் வாரம் நான் ஆவலாகக் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் எப்படிண்ணே? கடைசி பெஞ்சில உக்காந்து பாத்தீகளா?"

"உள்ள விடல சார்."

"யாரு, வாத்தியாரா?"

"பிள்ளை." அவர் சொன்ன விதம், கண்ட கனவைச் சொல்வதுபோல இருந்தது. "வாசல்ல போயி நின்னேன். இவ ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கா. பக்கத்துல ஒரு பிள்ளை. ரெண்டும் என்னமோ பேசி அப்படிச் சிரிக்குதுக. நம்ம வீட்ல இவ அம்புட்டுப் பேசி நான் பாத்ததில்ல. என்னையப் பாத்தா. எந்திரிச்சு வந்து, 'இன்னும் மணி அடிக்கலப்பா, போங்க, அப்பறமா வாங்க'ன்னுட்டு மறுபடி உள்ள போயிட்டா."

"நீங்க என்ன செஞ்சீக?"

"போயிட்டு அப்பறமா வந்தேன்."

அந்த மாதத்தில் ஒருநாள், கிட்டப்பார்வைக்கு வில்லை மாற்ற அவரிடம் உட்கார்ந்தேன். சட்டத்தை மாட்டினார். ஒரு வில்லையைப் போட்டார். "இது தேவலையா சார்" என்றார். அடுத்ததைப் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. ஒரு கண் மூடியிருந்தது; அவர் அந்தப் பக்கம் நின்றதால் முகம் எனக்குத் தெரியவில்லை. எழுத்து அட்டைக்குப் பக்கத்தில், சுவரில், குழந்தையின் உயரத்துக்குக் கை பட்டுப் பட்டு அழுக்கான ஓர் இடம் மட்டும் தெரிந்தது. தெளிவாகவே தெரிந்தது. "தேவலைண்ணே" என்றேன். அதையே எழுதிக்கொடுத்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் தலைவலியோடு திரிந்தேன். போய் மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

ஆடி முடிந்து கடையைக் காலி செய்தார். தெருவே கேட்டது. காரைக்குடியை விட்டுவிட்டு யாராவது நேமத்தான்பட்டியில் கண்ணாடிக்கடை வைப்பார்களா? பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊர். கண்களைவிடப் பூட்டுகள் அதிகம். எதிர் டீக்கடைக்காரர், "பூட்டுக்கடை வைங்கண்ணே, ஓடும்" என்றார். அவர் சிரித்தார். 

சாமான்களை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பாதிக்குமேல் வில்லைப் பெட்டிகள்தான். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களுக்கு நடுவில் எழுத்து அட்டையைச் சொருகினேன். எதையாவது கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் அவரை நிறுத்திவைக்கவேண்டும் போலிருந்தது. என் சுபாவப்படி, வருத்தமாக இருக்கும்போது கிண்டல்தான் வந்தது.

"அங்க கடைக்கு எத்தன எடம் பாத்தீகண்ணே? இந்த எடம் தேவலையா, அந்த எடம் தேவலையான்னு?"

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கல சார்" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல ஒண்ணு காலியாக் கெடந்துச்சு. சாவிய வாங்கிட்டேன்."